கோயம்பேட்டுக்கு வராத காய்கள்

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்க வேண்டி வந்தது. அந்த மாதம் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்டார்கள். "உங்களுக்கென்ன, மொட்டைமாடி முழுக்கச் செடி வெச்சிருக்கீங்க. தக்காளி வாங்கவே வேண்டாம், இல்ல?"

நானும் கடையில்தான் வாங்கினேன். சென்னையில் மாடித்தோட்டம் போட்டிருக்கும் வேறு யாரைக் கேட்டிருந்தாலும் அநேகமாக இதையே சொல்லியிருப்பார்கள். ஜூலையில் பழம் பறிக்க வேண்டுமென்றால் மே மாதத்தில் பூ பிஞ்சாகியிருக்க வேண்டும். பகல் 35 டிகிரிக்கு மேல் போய், இரவும் 25-க்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். செடி பச்சைப்பசேலென்று இருக்கும், பூவும் வரும், காம்போடு உதிரும். கத்திரி வெயிலில் சென்னையின் இரவே 28 டிகிரியில் நிற்கிறது. மோர்க்கரைசல் அடித்தாலும் பஞ்சகவ்யா தெளித்தாலும் அந்த இரவின் சூடு குறையப்போவதில்லை. மதனப்பள்ளியும் கோலாரும் மேட்டு நிலத்தில் இருக்கும் ஊர்கள். அங்கே ராத்திரி இறங்கிக் குளிர்கிறது, அதனால் கோடையிலும் காய்க்கிறது. நமக்கு லாரியில் வருவது அந்தத் தக்காளிதான். அதை வாங்கிச் சாப்பிடுவதில் எந்தக் குறையும் இல்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. வீட்டுத் தோட்டம் போட்டவர்களுக்கு வரும் ஏமாற்றங்களில் பாதி இந்தக் கேள்வியோடு பிறந்தவை. கடையில் என்னென்ன இருக்கிறதோ அதையெல்லாம் மாடியில் விளைவித்துவிட்டால் கடைக்கே போக வேண்டாம் என்ற நினைப்பு. விதைப் பாக்கெட்டுகளும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன: தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், முள்ளங்கி, கொத்தவரை. பல வருஷம் செடிகளோடு இருந்த பிறகு எனக்குத் தோன்றுவது வேறு. கோயம்பேடு நன்றாகச் செய்யும் வேலையை நம் மாடி செய்யப் போனால் எரிச்சல்தான் மிஞ்சும். கோயம்பேடு எவ்வளவு பெரிய சந்தையாக இருந்தாலும் அதனால் செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது. தோட்டத்தின் பலனை நான் அங்கேதான் கண்டேன். எரிச்சல்களைப் பேசிவிட்டு அதற்கு வருகிறேன். அவற்றைப் பேசாமல் பலனை மட்டும் சொன்னால் புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் கோடையிலேயே பைகளைக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

முதலில் அந்தத் தளம். பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரி முழுக்க விட்டுக்கொண்டே இருக்கும். செடி வளர்க்கும் பையான குரோ பேக்கை நேராகத் தளத்தில் வைத்தால் அடிவேர் வெந்துவிடும், அடியில் தேங்கும் ஈரத்தால் தளத்துக்கும் கேடு. கம்பி ஸ்டாண்டோ செங்கல்லோ கொடுத்துத் தூக்கி வைத்தால் இரண்டுக்கும் நல்லது. அப்புறம் மண்கலவை. எடை குறைய வேண்டும் என்பதற்காக எல்லாரும் கோகோபீட்டைச் சேர்க்கிறோம். தென்னை நாரிலிருந்து வரும் அந்தத் தூளில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் நிறைய. இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து போடாவிட்டால் நாற்றின் இலைமுனை கருகும்.

அதன் மேல் நாம் ஊற்றுவது போர் தண்ணீர். எங்கள் பக்கம் குழாய் வாயில் வெள்ளையாகப் படியும் அதே படிவம் பைகளின் வெளிப்பக்கத்திலும் பூக்கும். மண்ணில் உப்பு ஏறிவிட்டால் செடியால் தண்ணீரையே சரியாக உறிஞ்ச முடியாது. இலை ஓரம் காய்வதைப் பார்த்துச் சத்துக் குறைவு என்று இன்னும் உரம் போடுகிறார்கள். உரமும் ஒரு வகையில் உப்புதானே, நிலைமை மோசமாகும். செய்ய வேண்டியது எதிர்மாறு: உரத்தை நிறுத்தி, அடியில் வழிய வழிய நல்ல தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவ வேண்டும். சென்னையில் அந்த வேலையை வடகிழக்குப் பருவமழை இலவசமாகச் செய்துகொடுக்கிறது. கோடை முழுக்கச் சுருண்டு கிடந்த செடி, அக்டோபரில் நாலு நல்ல மழைக்குப் பிறகு கணுவுக்குக் கணு தளிர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். மழைநீரில் உப்பில்லை என்பது அதில் பெரிய பங்கு.

2019 கோடையில் இது எனக்கு நன்றாகவே புலப்பட்டது. புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் என்று ஏரிகள் அடுத்தடுத்து வற்றி, லாரித் தண்ணீருக்கு ஊரே காத்திருந்த வருஷம் அது. குடிக்கவே தண்ணீர் தேடும்போது செடிக்கு ஊற்ற மனசு வரவில்லை. அரிசி கழுவிய நீரும் ஏசியிலிருந்து சொட்டும் நீரும் மட்டும் மாடிக்குப் போயின. காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்து சொட்டுவதுதான் ஏசி தண்ணீர், அதில் உப்பு அநேகமாகக் கிடையாது. அந்த வருஷம் தப்பிய கறிவேப்பிலையும் கொடிப்பசலையும் அந்த நீர் போன பைகளில் இருந்தவை.

சரி, செடி வளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெண்டை. விதைத்து ஒன்றரை மாதத்தில் பூ. கண்ணெதிரே வளரும் செடி. திடீரென ஒரு காலை, நுனி இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாகத் தெரியும், அடுத்த வாரம் காயே வெளிறிப் பிறக்கும். மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ் அது. வந்த செடிக்கு மருந்து கிடையாது, பிடுங்கி எடுத்துவிட வேண்டியதுதான். இந்த நோயைத் தாங்குவதற்கென்றே பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ஒரு காட்டு வெண்டையோடு கலந்து 'அர்கா அனாமிகா' என்ற ரகத்தை உருவாக்கியது. ஒரு வீட்டுத் தோட்டத்துக்காரருக்கு மனசை வாட்டும் இந்த நோய் ஏக்கர் கணக்கில் போட்டவருக்கு என்ன செய்யும் என்று எண்ணினால், அந்த ஆராய்ச்சியின் அருமை தெரிகிறது.

கத்தரியைப் பற்றி நிறையவே சொல்ல வேண்டும். காலையில் மாடிக்குப் போனால் எல்லாக் கிளையும் நிமிர்ந்திருக்க ஒரு நுனி மட்டும் தலை தொங்கி நிற்கும். தண்ணீர் போதவில்லையோ என்று தோன்றும். அந்த நுனியைக் கிள்ளிப் பிளந்து பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பில் ஒரு புழு இருக்கும். தண்டு மற்றும் காய்த்துளைப்பான். அந்துப்பூச்சி இட்ட முட்டை பொரிந்த கொஞ்ச நேரத்திலேயே புழு தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். புகுந்த பிறகு மேலே என்ன தெளித்தாலும் அதன் மேல் படாது. அது வெளியே இருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் பிடிக்க வேண்டும் என்பதால்தான் வணிகரீதியாகக் கத்தரி போடும் விவசாயி திரும்பத் திரும்ப மருந்தடிக்க வேண்டியிருக்கிறது. நாடு முழுவதும் பெரிய சண்டையாகி 2010 பிப்ரவரியில் மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்த, மரபணு மாற்றப்பட்ட பி.டி. கத்தரி இந்த ஒரு புழுவை எதிர்த்து உருவாக்கப்பட்டதுதான். வங்கதேசம் 2013-இல் அதற்கு அனுமதி கொடுத்துவிட்டது. மரபணு மாற்றத்தில் எந்தப் பக்கம் நிற்பவராக இருந்தாலும், ஒரு கத்தரிச் செடியை வளர்த்துவிட்டு அந்த விவாதத்துக்கு வந்தால் பேச்சில் நிதானம் வரும் என்று உறுதியாக நம்புகிறேன். மாடியில் நமக்கிருக்கும் ஒரே வசதி செடிகள் கொஞ்சம் என்பது. தொங்கும் நுனியை அன்றன்றைக்கே கிள்ளி நசுக்கலாம், துளை விழுந்த காயைச் செடியில் விடாமல் எடுக்கலாம். ஏக்கரில் இதைக் கையால் செய்ய ஆளுக்கு எங்கே போவது?

அப்புறம் மாவுப்பூச்சி. இதைச் சொன்னதும் செடி வளர்ப்பவர்கள் எல்லாரும் பெருமூச்சு விடுவார்கள். இந்தியாவில் முதன்முதலாக 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, அடுத்த இரண்டே வருஷத்தில் கொங்குப் பகுதியின் பப்பாளி, மல்பெரி, மரவள்ளியையெல்லாம் வெள்ளையாக மூடிவிட்டது. நகரத்துச் செம்பருத்திகளையும் அது விடவில்லை. மருந்து அடித்து அடித்துப் பார்த்தும் அடங்கவில்லை, அதன் மேலிருக்கும் மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடாது. 2010-இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியைப் பெங்களூரு பூச்சியியல் நிறுவனம் தருவித்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சிறிய பூச்சி, பெயர் அசிரோஃபேகஸ் பப்பாயே. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி மாவட்டம் மாவட்டமாக விட்டது. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கிவிட்டது. நம் காலத்தில் நம் மாநிலத்தில் நடந்த இந்த வெற்றியைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும்.

கடும் மருந்து அடித்தால் இப்படிப்பட்ட குளவிகளும் செத்துவிடும் என்பதால் மாடியில் என் கை கட்டப்பட்டுவிட்டது, நல்லதற்குத்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலம் தெளிப்பேன், அதற்கு மேல் போவதில்லை. முதலில் எறும்பைத் தடுக்கிறேன். மாவுப்பூச்சி சுரக்கும் தேன்போன்ற நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கின்றன, எதிரிகளை விரட்டுகின்றன. ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் எறும்பின் வழி அடைபடும். இன்னொன்று முக்கியம்: மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் கொஞ்சம் பெரிதாக, வெள்ளைக் குஞ்சம் குஞ்சமாக, வேகமாக ஊரும் ஒன்றைப் பார்த்தால் நசுக்கிவிடாதீர்கள். அது ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழுவாக இருக்கலாம். பார்க்க மாவுப்பூச்சி போலவே இருக்கும் அது, தின்பதும் மாவுப்பூச்சியைத்தான்.

எரிச்சல் பட்டியல் இன்னும் நீளம். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவதற்கு எல்லாரும் முட்டை ஓட்டைப் போடச் சொல்கிறார்கள். ஓடு கரைய மாதக்கணக்காகும். அந்தக் கோளாறு வருவது பெரும்பாலும் ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதால், கால்சியம் காய்க்குப் போய்ச் சேர்வதில்லை. அணில், எலி, புயல் எல்லாம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் போனபோது பந்தல் வைத்திருந்த மாடிகள் பட்ட பாடு சொல்லி மாளாது. பந்தலைப் பிரிக்கும்படி கட்ட வேண்டும் என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

கொடிகள். எனக்கு இந்தத் தோட்டத்தில் ஆகப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டேன்.

புடலையோ சுரையோ பந்தல் ஏறியதும் முதல் கவலை, பூக்கிறது காய்க்கவில்லை என்பது. கொடிக் காய்களில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. தொடக்கத்தில் ஆண் பூக்களே வரும், நல்ல வெயிலில் இன்னும் கூடுதலாக. அடியில் குட்டிக் காயோடு பெண் பூ வரும் வரை பொறுக்க வேண்டும். பெண் பூ வந்த பிறகும் பிஞ்சு வெம்பி விழுகிறதா? பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை. இங்கேதான் நேரக் கணக்கு வருகிறது. பரங்கி, பாகல், வெள்ளரி விடியலில் விரியும். பரங்கிப் பூ வெயில் ஏறுவதற்குள் மூடிக்கொள்ளும். பீர்க்கனும் சுரையும் பொழுது சாயும்போது மலரும். புடலை இருட்டிய பிறகு, நூல் நூலாக விளிம்பு பிரிந்து வெள்ளையாக விரியும். காலைப் பூக்களுக்குத் தேனீ வருகிறது. ராத்திரிப் பூக்களுக்கு அந்துப்பூச்சிகள் வர வேண்டும், மூன்றாவது மாடி வரைக்கும் அவை வருவது நிச்சயமில்லை. அதனால் நான் போகிறேன். ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, அந்தத் தூளைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவ வேண்டும். மறுநாளோ அதற்கு மறுநாளோ பிஞ்சு பளபளவென்று தலை தொங்கத் தொடங்கினால் பிடித்துவிட்டது.

பலன் என்றால் இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஏழு மணிக்கு மேல் மாடியில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. போனை உள்ளே வைத்துவிட்டு டார்ச்சோடு போகிறேன். எந்தப் பூ எப்போது விரியும் என்பது எங்கள் பாட்டிமார்களுக்கு இயல்பாகத் தெரிந்திருந்தது. அந்த அறிவு என் கைக்கும் வந்திருக்கிறது என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

கத்தரிப் பூவுக்கும் தக்காளிப் பூவுக்கும் வேறு கதை. அவற்றின் மகரந்தம் ஒரு சிறு குழாய்க்குள் அடைந்திருக்கும், அதிர்ந்தால்தான் கொட்டும். நம் சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. வயிற்றில் நீலநீலமாகப் பட்டை போட்ட ஒரு தனித் தேனீ இருக்கிறது. அது பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு 'ஸ்ஸ்ங்' என்று உடலை உதறும். துளசியைப் பூக்கவிட்டால் அது தேடி வரும். எங்கள் மாடிக்கு அது வரத் தொடங்கிய பிறகு துளசியின் பூவை யாரும் கிள்ளக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது கோயம்பேட்டால் முடியாத வேலை. ஒரு காய் சந்தைக்கு வர வேண்டுமென்றால் பறித்து, மூட்டை கட்டி, லாரி ஏறி, இறங்கி, சில்லறைக் கடையில் ஒரு நாளாவது வாடாமல் இருக்க வேண்டும். இதைத் தாங்காத காய்கள் எவ்வளவு ருசியாக இருந்தாலும் சந்தையிலிருந்து விழுந்துவிடுகின்றன, கொஞ்சநாளில் சமையலிலிருந்தும் விழுந்துவிடுகின்றன. இவை பெரும்பாலும் நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் பழகியவை. மாடிக்கு ஏற்றவை இவைதான்.

மூக்குத்தி அவரை அப்படி ஒன்று. அவரை என்று பெயரே தவிர அது அவரைக் குடும்பமே இல்லை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு வகையைச் சேர்ந்த கொடி. பூத்து முடிந்ததும் சதைப்பிடிக்கும் காம்பைத்தான் சமைக்கிறோம். பிஞ்சாகப் பறிக்காவிட்டால் விதை கட்டி ருசி போய்விடும். பெரும்பாலான கடைகளில் அதைப் பார்க்கவே முடியாது. முதன்முதலில் ஒரு கிண்ணம் பறித்துக்கொண்டு இறங்கியபோது அம்மா கையில் வாங்கிப் பார்த்து, "இது ஏதுடி உனக்கு? எங்கம்மா வேலியில ஏத்தி விட்டிருந்தாங்க. கல்யாணமாகி வந்ததுக்கப்புறம் நான் கண்ணாலயே பாக்கல" என்றார். திண்டிவனம் பக்கத்துக் கிராமம் அவருடையது. அன்றைக்கு வேறு யாரையும் அடுப்பு பக்கம் விடவில்லை. கடுகு, வெங்காயம், தேங்காய் போட்டு அவரே பொரியல் செய்தார். அப்படியே அவர் அம்மாவின் சமையல், அந்த வேலி, அதில் ஏறியிருந்த பிற கொடிகள் என்று நான் கேட்டறியாத கதைகளெல்லாம் வந்தன.

சிறகு அவரையும் அதே கதைதான். இளசாக இருக்கும் சில நாட்களில் பறித்தால் மொறுமொறுவென்றிருக்கும், விட்டால் நாராகிவிடும். காய், பூ, இலை, கிழங்கு எல்லாமே சாப்பிடலாம். பரங்கியின் ஆண் பூவைச் சந்தையில் யார் விற்பார்கள்? வெயில் ஏறும் முன் பறித்துக் கடலை மாவில் தோய்த்துப் பொரித்தால் அதற்கு ஈடு கிடையாது. மணத்தக்காளிக் கீரை கடையில் கிடைக்கிறது, கறுத்துக் கனிந்த பழம் கிடைப்பதில்லை. தவசிக்கீரையை ஒரு குச்சி நட்டால் வருஷக்கணக்கில் கிள்ளலாம். கடையில் கிடைக்கும் வெண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். மாடியில் விரல் நீளத்தில் பறித்து அப்படியே கடித்தால் இருக்கும் இனிப்பு, சாயங்காலமே குறைந்துவிடுகிறது. ஆகவே வெண்டையை நான் கைவிடவில்லை, அதைப் பச்சையாகத் தின்பதற்காக வைக்கிறேன். குழம்புக்குக் கடை இருக்கிறது.

பணக் கணக்கு போட்டுப் பார்ப்பவர்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன். பை, மண்கலவை, நிழல்வலை, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் தக்காளி கத்தரியில் மிச்சம் பிடிப்பது கஷ்டம். கீரையில் பிடிக்கலாம். சிறுகீரையும் தண்டுக்கீரையும் ஒரு மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும், ஆழமில்லாத தொட்டியே போதும். புதிதாகத் தொடங்குபவர் முதல் ஆறு மாதம் கீரையும் கொடிப்பசலையும் மட்டும் வைக்கட்டும். மண்ணும் தண்ணீரும் அவருடைய மாடியில் எப்படி நடந்துகொள்கின்றன என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் பட்டம், அதாவது விதைக்கும் பருவம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது மாடிக்கும் பொருந்துகிறது. கொடி அவரையின் நாட்டு ரகங்கள் பகல் நீளம் குறைந்தால்தான் பூக்கும். மாசியில் விதைத்தாலும் கொடி நீண்டுகொண்டே போகும், பூ மார்கழி நெருங்கும்போதுதான். ஆடியில் விதைத்தால் மழைக்கு முன் பந்தல் ஏறி, மழையில் கொழுத்து, பொங்கலுக்குக் கொத்துக் கொத்தாகத் தரும். மூக்குத்தி அவரையும் சிறகு அவரையும் ஆடிக்கே நல்லவை. தக்காளியை ஆவணி, புரட்டாசியில் நாற்று விட்டு, மழை குறையும் நேரத்தில் பூக்கும்படி பார்த்தால் தை மாசி இரவுகளின் குளிர்ச்சியில் பிடித்துக்கொள்ளும். அந்த நேரம் சந்தையிலும் தக்காளி பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும் என்பது வேறு விஷயம். நான் வைப்பது ரசத்துக்கான நாட்டுத் தக்காளி இரண்டு செடி மட்டும்.

இந்த ஆடிக்கு மூக்குத்தி அவரை போட நினைப்பவர்கள் விதையை இப்போதே தேடத் தொடங்குங்கள். விதைத் திருவிழாக்களில் கிடைக்கிறது, செடி வளர்ப்பவர்கள் தபாலிலும் அனுப்புகிறார்கள். தோல் கெட்டியான விதை, ஒரு ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். பைக்கு ஒரு கொடி போதும், பந்தலுக்குத் தாராளமாக இடம் விடுங்கள். தைக்குப் பிறகு வரும் காய்களில் கொஞ்சத்தைப் பறிக்காமல் கொடியிலேயே காயவிட்டு விதை எடுத்து, கேட்பவர்களுக்குக் கொடுங்கள்.